ஒரே குரலுக்கு வீடு முழுக்க: ஸ்மார்ட் சாதனங்களைக் கட்டி மேய்ப்பது எப்படி

முதல் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிய வாரம் எல்லாருக்குமே சுகமாகத்தான் போகும். ஒரு ஸ்பீக்கர், ஒரு பல்பு, சொன்னால் எரியும், சொன்னால் அணையும், வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒருமுறை போட்டுக் காட்டலாம். தலைவலி ஆரம்பிப்பது இரண்டாவது ஸ்பீக்கர் வந்த பிறகுதான். ஹாலில் உட்கார்ந்து கூப்பிட்டால் பெட்ரூமில் இருப்பது பதில் சொல்லும், ஃபேனை நிறுத்தச் சொன்னால் எந்த ஃபேன் என்று திருப்பிக் கேட்கும், அதற்குள் அம்மா எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் ஒரு வருடம் இப்படித்தான் ஓடியது. இப்போது மூன்று ஸ்பீக்கரும் பதினாலு சாதனமும் இருக்கின்றன, அம்மாவும் அதோடு பேசுகிறார். நடுவில் புதிதாக எதுவும் வாங்கவில்லை, இருந்ததையே கழற்றி, பெயர் மாற்றி, அறை பிரித்து மறுபடி மாட்டினேன். அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன், உங்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும்.

முதலில், எந்த அசிஸ்டென்ட், அதாவது ஸ்பீக்கருக்குள் இருந்து நம் பேச்சைக் கேட்டு வேலை செய்வது எது என்பதை முடிவு செய்துவிடுங்கள். அலெக்சாவா கூகுளா சிரியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான் தலைமை. ஹாலில் ஒன்று, பெட்ரூமில் வேறொன்று என்று ஆஃபரில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்தால், அறைகளையும் பெயர்களையும் ரொட்டீன்களையும் (ஒரு சொல்லுக்குப் பல வேலை நடக்கும் ஏற்பாடு) இரண்டு ஆப்பில் இரண்டு முறை எழுத வேண்டியிருக்கும், ஒன்றில் மாற்றியது இன்னொன்றில் மாறாது, கடைசியில் எந்த லைட்டுக்கு எங்கே என்ன பெயர் என்பது உங்களுக்கே மறந்துவிடும். அதேபோல எல்லா ஸ்பீக்கரும் ஒரே அக்கவுண்டில் இருக்க வேண்டும். யாருடைய அக்கவுண்ட் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி தீபாவளிக்கு வந்தபோது மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனால், ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் ஓடிபிக்கும் அவனுக்கே போன் போட வேண்டிவரும். எப்போதும் வீட்டில் இருப்பவரின் அக்கவுண்டில் போட்டுவிட்டு மற்றவர்களை ஆப்பிலேயே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் சாதனங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால் பெட்டியில் மேட்டர் என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம் அது. அந்த முத்திரை இருக்கும் பல்பை இன்று அலெக்சாவோடு இணைத்து, நாளைக்கு மனம் மாறி கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போனாலும் பல்பைத் தூக்கிப் போட வேண்டாம். இல்லாததை வாங்கினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. அந்தக் கம்பெனியின் ஆப்பை உங்கள் அசிஸ்டென்டோடு இணைக்கும் வசதி இருந்தால் போதும், நம் ஊரில் விற்கும் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. ஒரே ஒரு யோசனை: பல்பு ஒரு கம்பெனி, ப்ளக் ஒரு கம்பெனி, சுவிட்ச் ஒரு கம்பெனி என்று போனால் போனில் ஆறு ஆப் சேரும். முடிந்தவரை இரண்டோடு நிறுத்துங்கள்.

அடுத்தது வைஃபை. விலை குறைந்த பல்பும் ப்ளக்கும் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்துக்கொண்டிருக்கும், போன் 5-ல் உட்கார்ந்திருக்கும், பல்பு 2.4-ல் தேடிக்கொண்டிருக்கும், இணைப்பு 99 சதவீதம் வரை போய் நின்றுவிடும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ரவுட்டர் செட்டிங்கில் 5-ஐ அரை மணி நேரம் அணைத்துவிட்டு இணைத்துப் பாருங்கள், அப்புறம் மறுபடி போட்டுக்கொள்ளலாம். போனில் விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், அந்த ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதியும் கொடுங்கள். இன்னொன்று, இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்: ரவுட்டர் மாற்றும்போது புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்துவிட்டால், எல்லாச் சாதனமும் ஒன்றுமே நடக்காததுபோலத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நான் ஆசையாகப் புதுப்பெயர் வைத்துவிட்டு, பதினாலையும் ஸ்டூல் போட்டு ஏறி ஏறி ரீசெட் செய்தேன்.

எதை எதில் மாட்டுவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு செய்தால் கருகும். ஸ்மார்ட் ப்ளக் (சுவர் சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகுவது) 6, 10, 16 ஆம்ப் என்று வரும். நம் 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13. கணக்குப்படி 2000 வாட்டுக்கு 10 ஆம்ப் ப்ளக் தாங்கும், ஆனால் தினமும் விளிம்பிலேயே ஓடினால் சூடாகும், அதனால் கீசருக்கு 16 தவிர வேறு வாங்காதீர்கள். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை எந்த ப்ளக்கிலும் செருகாதீர்கள். கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், ப்ளக்கின் உள்ளே கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அவசியம் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து நடுவில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது.

லைட்டுக்கும் ஃபேனுக்கும் என் சிபாரிசு ஸ்மார்ட் பல்பு இல்லை, சுவிட்ச் போர்டுக்குள் ஒளிந்து உட்காரும் மாட்யூல். காரணம் வீட்டு மனிதர்கள்தான். ஸ்மார்ட் பல்பு குரலுக்குக் கட்டுப்பட வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், அறையை விட்டு வரும்போது அணைத்துவிட்டு வா என்று நாற்பது வருடமாகச் சொல்லி வளர்த்த அம்மாவிடம் போய் இனிமேல் அணைக்காதே என்று யார் சொல்வது? மாட்யூல் போட்டால் சுவிட்சும் வேலை செய்யும், குரலும் வேலை செய்யும். ஆனால் போர்டுக்குள் நியூட்ரல் ஒயர் வந்திருக்க வேண்டும். அதே போர்டில் ஒரு ப்ளக் பாயின்ட் இருந்தால் அநேகமாக நியூட்ரல் உண்டு, வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கும் போர்டில் இருக்காமல் போகலாம். எம்சிபியை (அந்த லைனின் கரண்டை நிறுத்தும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். ஃபேன் வேகத்தையும் குரலில் மாற்றும் மாட்யூல் என்றால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து இருந்தால் ஃபேன் முனகும். மாட்டிய பிறகு ஒரு சின்ன வேடிக்கை உண்டு. குரலில் அணைத்து, சுவிட்சில் போட்டு என்று மாறி மாறிச் செய்தால் சுவிட்சின் மேல், கீழ் நிலைக்கு அர்த்தமே இருக்காது. "சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, லைட்டு எரியுதே, பேய் கீய் புகுந்துடுச்சா" என்று எங்கள் வீட்டில் கேட்டாகிவிட்டது. முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி முக்கியமான சமாச்சாரம், பெயர். என் ஒரு வருடக் கஷ்டத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் இருந்தது. ஆப் தானாகக் கொடுக்கும் சுவிட்ச் 1, சுவிட்ச் 2, ஸ்மார்ட் ப்ளக் 3 என்ற பெயர்களை அப்படியே விட்டீர்கள் என்றால் உங்களுக்கே நினைவிருக்காது, வீட்டில் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் முழுக்க, வீட்டில் அந்தப் பொருளை வாயால் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் டியூப் லைட் 2 என்று வைத்ததை எல்லாரும் ஜன்னல் லைட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரையே வைத்துவிட்டேன், அன்றிலிருந்து குழப்பம் இல்லை. எண்ணில் பெயர் வைக்காதீர்கள், இடத்தால் வையுங்கள்: ஜன்னல் லைட், டிவி லைட், ஊஞ்சல் லைட். அறைக்கு வைத்த பெயரையே சாதனத்துக்கும் வைக்காதீர்கள், அறையும் ஹால், லைட்டும் ஹால் என்றால் அது எதைச் சொல்கிறீர்கள் என்று முழிக்கும். சத்தத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெயரும் வேண்டாம்.

பெயரை எந்த மொழியில் வைப்பது? இங்கே நாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. போனில் கூகுள் அசிஸ்டென்டிடம் தமிழில் பேசலாம், ஆனால் அலெக்சா உட்கார்ந்திருக்கும் அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் 2017-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலத்தோடு வந்தது, 2019-ல் இந்தி சேர்ந்தது, தமிழின் முறை வராமலே நாம் ஸ்பீக்கரை வாங்கி மாட்டியாகிவிட்டது. இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் நம் உச்சரிப்பு நன்றாகவே பிடிபடுகிறது. பூஜா ரூம் என்றால் புரிந்துகொள்கிறது. மொட்டை மாடி என்று வைத்துப் பார்த்தேன், பத்தில் ஒருமுறைகூடத் தேறவில்லை, டெரஸ் என்று மாற்றிவிட்டேன். ஒரு பெயர் ஏன் எடுபடவில்லை என்று தெரிய வேண்டுமானால் ஆப்பில் வாய்ஸ் ஹிஸ்டரி பகுதிக்குப் போங்கள். நீங்கள் சொன்னது அதன் காதில் என்னவாக விழுந்தது என்று எழுத்தில் இருக்கும். என் மொட்டை மாடி அங்கே மோட்டார் மெடி என்று கிடந்தது. அம்மா ஒரு சொல்லை எப்போதும் ஒரே மாதிரி தப்பாகப் புரியவைக்கிறார் என்றால், அந்தத் தப்பான சொல்லையே எடுத்து ரொட்டீனுக்கு அழைப்பு வாக்கியமாகக் கொடுத்துவிடுங்கள். மனிதரைத் திருத்துவதைவிட இது சுலபம்.

பெயர் முடிந்ததும் அறை. அலெக்சா ஆப்பில் குரூப் என்றும் கூகுள் ஹோமில் ரூம் என்றும் இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று உருவாக்கி அந்த அறையின் லைட், ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அதில் போடுவீர்கள், சரி, ஆனால் பலர் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது: அந்த அறையில் இருக்கும் ஸ்பீக்கரையும் அதே குரூப்பில் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் பெட்ரூமில் படுத்துக்கொண்டு வெறுமனே "டர்ன் ஆஃப் த லைட்ஸ்" என்றால் போதும், பெட்ரூம் லைட் மட்டும் அணையும், ஹாலில் படித்துக்கொண்டிருக்கும் பையன் இருட்டில் கத்த மாட்டான். சேர்க்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அறைப் பெயரைச் சொல்லியாக வேண்டும். இதிலேயே இன்னொரு ஓட்டை, மாட்யூலும் ப்ளக்கும் ஆப்பில் வெறும் சுவிட்ச் என்றுதான் பதிவாகியிருக்கும், லைட் எது ஃபேன் எது என்று அதற்குத் தெரியாது. சாதனத்தின் செட்டிங்கில் வகையை மாற்றும் இடம் இருக்கும். லைட்டை லைட் என்று மாற்றிவிடுங்கள், கீசரை மறந்தும் லைட் ஆக்கிவிடாதீர்கள்.

எந்த ஸ்பீக்கர் பதில் சொல்வது என்ற போட்டிக்கு வருவோம். ஒரே அக்கவுண்டில் இருக்கும் ஸ்பீக்கர்கள் கூப்பிட்ட குரல் யாருக்குத் தெளிவாகக் கேட்டது என்று தங்களுக்குள் பார்த்துக்கொண்டு ஒன்று மட்டும் பதில் சொல்லும். அதாவது பக்கத்தில் இருப்பது இல்லை, தெளிவாகக் கேட்பது. உங்கள் பக்கத்து ஸ்பீக்கர் டிவிக்குப் பின்னாலோ புத்தக அலமாரிக்குள்ளோ புதைந்திருந்தால், கதவு திறந்திருக்கும் பெட்ரூமில் மேசைமேல் இருப்பதற்குத்தான் நன்றாகக் கேட்கும், அதுதான் முந்திக்கொள்ளும். எனவே இடத்தை மாற்றுங்கள். டிவியில் இருந்து சில அடி தள்ளி, சுவரை ஒட்டாமல், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடம். சமையலறையில் மிக்ஸிக்கும் எக்ஸாஸ்டுக்கும் எதிர்ப்பக்கம். அப்படியும் அடங்கவில்லை என்றால், எக்கோவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி அழைப்புச் சொல் வைக்கலாம்: அலெக்சா, அமேசான், எக்கோ, கம்ப்யூட்டர். ஹாலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் போட்டி முடிந்தது. வீட்டில் அலெக்ஸ் என்று யாராவது இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், பாவம் அவர். கூகுளில் சொல்லை மாற்ற முடியாது, ஆனால் எவ்வளவு லேசான குரலுக்கு விழிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

டைமர் எந்த ஸ்பீக்கரிடம் சொன்னீர்களோ அதில்தான் அடிக்கும், இதை நினைவில் வையுங்கள். அடுப்பில் இட்லியை வைத்து 12 நிமிடம் என்று கிச்சனில் சொல்லிவிட்டு பெட்ரூமில் துணி மடிக்கப் போனால் காதில் விழாது. போகிற அறையில் போய்ச் சொல்லுங்கள். ஸ்பீக்கர்கள் நிறைய இருப்பதால் கிடைக்கும் நிஜமான லாபம் எது என்று கேட்டால் நான் அனௌன்ஸ்மென்ட்டைச் சொல்வேன். "அலெக்சா, மேக் அன் அனௌன்ஸ்மென்ட்" என்றதும் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கும், உங்கள் குரலையே பதிவு செய்து வீடு முழுக்க ஒலிக்கும். உங்கள் குரல் என்பதால் தமிழ் தெரியாதது ஒரு குறையே இல்லை. "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க" என்று மனைவி ஒருமுறை சொன்னால் மூன்று அறையிலும் கேட்கிறது, இல்லை கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடிவதில்லை.

ரொட்டீன் என்பது ஒரு வாக்கியத்துக்குப் பல வேலை. எல்லாரும் முதலில் இருபது ரொட்டீன் போடுவார்கள், மாதக் கடைசியில் மூன்று மிஞ்சும். எங்கள் வீட்டில் மிஞ்சியவை இவை. "குட் நைட்" என்றால் ஹால், கிச்சன், டெரஸ் லைட் அணையும், பெட்ரூம் ஏசி 26-ல் ஓடும், பெட்ரூம் லைட் மட்டும் ஐந்து நிமிடம் கழித்து அணையும், அதற்குள் படுக்கையைத் தட்டிப் போட்டுவிடலாம். வெளியே கிளம்பும்போது ஒன்று, எல்லாவற்றையும் அணைக்கும், கீசர் உட்பட. மூன்றாவது குரலே இல்லாதது: சூரியன் மறையும் நேரத்துக்கு வாசல் லைட் எரிய வேண்டும். இதற்கு ஆறு மணி என்று நேரம் குறிக்காமல் சூரிய அஸ்தமனம் என்றே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் சென்னையில் நவம்பரில் 5:40-க்கே மறைந்துவிடுகிறது, ஜூலையில் 6:40 வரை வெளிச்சம் இருக்கிறது. ஆப்பில் ஊர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கீசரைத் தானாக அணைக்க ரொட்டீனை மட்டும் நம்பாதீர்கள். நெட் போய்விட்டால் ரொட்டீனும் போய்விடும். ப்ளக்கின் சொந்த ஆப்பில் கவுன்ட்டவுன் வசதி இருந்தால் அங்கே 20 நிமிடம் வைத்துவிடுங்கள். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், மறந்துவிட்டு ஆபீஸ் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏசியை ப்ளக் மூலம் அணைக்க வேண்டாம், கம்ப்ரஸர் ஓடும்போது கரண்டைப் பிடுங்குவது நல்லதும் இல்லை. ஐஆர் ப்ளாஸ்டர் வாங்குங்கள், ரிமோட் செய்வதை அது செய்யும், ஏசிக்கு நேர்ப்பார்வையில் இருந்தால் போதும். இதில் ஏசி ஒழுங்காக வரும், டிவிதான் படுத்தும். ஏசி ரிமோட் ஒவ்வொரு முறையும் ஆன், 26, இந்த வேகம் என்று முழு நிலையையும் சேர்த்து அனுப்புகிறது, அதனால் குழப்பம் வராது. டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் பெரும்பாலும் போடவும் அணைக்கவும் ஒரே பட்டன், ஒரே சிக்னல். ஏற்கெனவே அணைந்திருக்கும் டிவியை அணைக்கச் சொன்னால் எரிய ஆரம்பிக்கும். என் குட் நைட் ரொட்டீனில் டிவியைச் சேர்த்திருந்த நாட்களில் ராத்திரி 11 மணிக்கு ஆளில்லாத ஹாலில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்மார்ட் டிவி என்றால் அதை நேராக அசிஸ்டென்டோடு இணைத்துவிடுங்கள், ஐஆரை நம்ப வேண்டாம்.

கரண்ட் கட் நம் ஊருக்கே உரிய பாடம். ரவுட்டர் இன்வர்ட்டர் லைனில் இருக்கட்டும், அல்லது அதற்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று போதும். அப்புறம் பெரும்பாலான சாதனங்களில், கரண்ட் திரும்பி வரும்போது என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். பல பல்புகள் பெட்டியில் இருந்து வரும்போது முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் வரும், அதனால் அதிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் முகத்தில் டார்ச் அடித்ததுபோல விழித்துக்கொள்வீர்கள். லைட்டுக்கு, முன்பிருந்த நிலை. கீசருக்கு ஆஃப், யோசிக்கவே வேண்டாம்.

குரலுக்குப் பூட்டு போடுவதையும் மறக்காதீர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்பீக்கரிடம் பேசிப் பேசியே பொம்மை வீடு ஒன்றை ஆர்டர் செய்துவிட்டாள். அதைச் செய்தியாக வாசித்த சான் டியேகோ டிவிக்காரர் அந்த வாக்கியத்தைச் சொல்லப்போக, பார்த்துக்கொண்டிருந்த சிலர் வீட்டு ஸ்பீக்கர்களும் விழித்துக்கொண்டன. ஆப்பில் குரல் வழி வாங்குவதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின் நம்பர் வையுங்கள். கதவுப் பூட்டைக் குரலில் திறக்கும் வசதி இருந்தாலும் வேண்டாம் என்பேன், ஜன்னல் வழியாகக் கத்துகிறவனும் குரல்தான். சொந்த விஷயம் பேசும்போது மைக் பட்டனை அழுத்திவிட்டால் எக்கோவில் சிவப்பு விளக்கு எரியும். பதிவான குரல்களை ஆப்பிலேயே அழிக்கலாம், மூன்று மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படியும் வைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் சாதனம் பதில் சொல்லவில்லை என்று வரும். அப்போது உடனே எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். சாதனத்தின் சொந்த ஆப்பைத் திறந்து அங்கே இயங்குகிறதா பாருங்கள். அங்கே இயங்கி குரலில் மட்டும் வரவில்லை என்றால் அந்த ஆப்புக்கும் அசிஸ்டென்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருக்கிறது, பெரும்பாலும் நீங்கள் சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றியிருப்பீர்கள், இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும். அங்கேயும் இயங்கவில்லை, ஆனால் மற்ற சாதனங்கள் ஓடுகின்றன என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள், எழுந்து போய் சுவரைப் பாருங்கள். அநேகமாக யாரோ பழக்கதோஷத்தில் ப்ளக் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.